கல்யாணச் சான்றிதழும் போர்டிங் பாஸும்

ஐரோப்பா போவதற்கு விசா கேட்டு விண்ணப்பிக்கும் ஒருவர் கையில் இருக்கும் ஃபைலைப் பார்த்திருக்கிறீர்களா? பேங்க் ஸ்டேட்மென்ட், வருமான வரிக் கணக்கு, கம்பெனியில் லீவு கொடுத்த லெட்டர், ஓட்டல் புக்கிங், போக வர டிக்கெட், இன்ஷூரன்ஸ்... இத்தனையையும் கொடுத்துவிட்டு, கிடைக்குமா கிடைக்காதா என்று கையைப் பிசைந்துகொண்டு காத்திருக்க வேண்டும்.

ஆனால் இதே இந்தியப் பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு, விசாவே இல்லாமல் ஒரு ஐரோப்பிய நாட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வரும் உரிமை சிலருக்குச் சட்டப்படி இருக்கிறது. அவர்கள் தூதர்கள் இல்லை. கோடீஸ்வரர்களும் இல்லை. ஓர் ஐரோப்பியக் குடிமகனையோ குடிமகளையோ கல்யாணம் செய்துகொண்டவர்கள், அவ்வளவுதான்.

அவ்வளவுதானா என்றால், இல்லை. சட்டத்தில் இருக்கிற இந்த உரிமை விமான நிலையத்தின் செக்-இன் கவுன்ட்டருக்கு வந்ததும் பல நேரம் காணாமல் போய்விடுகிறது. ஏன் என்று பார்த்தால், காரணம் சட்டப் புத்தகத்தில் இல்லை. பி.காம். முதல் வருடத்தில் சொல்லிக்கொடுக்கும் லாப நட்டக் கணக்கில் இருக்கிறது!

ஒரே தெரு, இரண்டு வீடு

முதலில் ஒரு உதாரணம். கற்பனை உதாரணம்தான், ஆனால் சட்டம் அப்படியே பொருந்தும்.

அயர்லாந்தின் தலைநகர் டப்ளினில் ஒரே தெருவில் அடுத்தடுத்து இரண்டு வீடுகள். முதல் வீட்டில் ஐரிஷ் கணவர், இந்திய மனைவி. இரண்டாம் வீட்டில் ஜெர்மன் கணவர், இந்திய மனைவி. இரண்டு பெண்களிடமும் இருப்பது ஒரே மாதிரி நீலநிற இந்தியப் பாஸ்போர்ட். இருவருக்கும் அயர்லாந்தில் சட்டப்படி குடியிருக்கும் அனுமதியும் உண்டு. இரண்டு ஜோடிகளும் ஒரு வார இறுதியில் ஒரே விமானத்தில் பாரிஸ் போக நினைக்கிறார்கள்.

அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது. ஆனால் உள்ளே பாஸ்போர்ட் சோதனை இல்லாத ஷெங்கன் பகுதியில் இல்லை. அதனால் டப்ளினிலிருந்து பாரிஸ் போவது ஒரு எல்லையைத் தாண்டுவதுதான். இப்போது யாருக்கு விசா வேண்டும்?

ஜெர்மன்காரரின் மனைவிக்கு வேண்டாம். ஐரிஷ்காரரின் மனைவிக்கு வேண்டும்!

கேட்டால் தலைகீழாகத் தெரியும். சொந்த ஊரில் இருப்பவரின் மனைவிக்குத்தானே சலுகை கூடுதலாக இருக்க வேண்டும்? வந்தேறியான ஜெர்மன்காரரின் மனைவிக்கு எப்படி? காரணம் இதுதான். ஐரோப்பியச் சட்டம் பாதுகாப்பது 'ஐரோப்பியரின் குடும்பம்' என்ற அந்தஸ்தை மட்டும் அல்ல. அந்த ஐரோப்பியர் தன் நாட்டை விட்டு இன்னொரு உறுப்பு நாட்டுக்குப் போகும் சுதந்திரத்தை. ஜெர்மன்காரர் அந்தச் சுதந்திரத்தைப் பயன்படுத்தி அயர்லாந்துக்கு வந்தார். அதனால் அவர் மனைவிக்கு அயர்லாந்து கொடுத்த அட்டை ஐரோப்பியச் சட்டத்தின்படி கொடுத்த அட்டை. ஐரிஷ்காரரோ ஊரை விட்டு நகரவே இல்லை. அவர் மனைவிக்குக் கிடைத்தது அயர்லாந்தின் உள்நாட்டுச் சட்டப்படி கொடுத்த அனுமதி.

பாரிஸ் போகும்போது ஐரிஷ்காரரும் நாட்டைத் தாண்டுகிறாரே என்று கேட்கலாம். சரியான கேள்வி. அதனால்தான் அவர் மனைவிக்கு விசா இலவசம், அதுவும் விரைவாகக் கொடுக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் விசா ஸ்டிக்கர் பாஸ்போர்ட்டில் இருந்தாக வேண்டும்.

சட்டம் என்ன சொல்கிறது?

2004 ஏப்ரல் 29 அன்று ஐரோப்பிய நாடாளுமன்றமும் கவுன்சிலும் கொண்டுவந்த 2004/38 என்ற டைரக்டிவ்தான் இதற்கெல்லாம் மூலம். டைரக்டிவ் என்றால், "இந்த உரிமைகளை உங்கள் நாட்டுச் சட்டத்தில் எழுதிக்கொள்ளுங்கள்" என்று உறுப்பு நாடுகளுக்குப் போகும் கட்டளை. 2006 ஏப்ரல் 30க்குள் எழுதி முடிக்கச் சொல்லியிருந்தார்கள். இன்று 27 உறுப்பு நாடுகளையும் இது கட்டுப்படுத்துகிறது. ஒன்றியத்தில் இல்லாத நார்வே, ஐஸ்லாந்து, லிச்டென்ஸ்டைன் ஆகியவையும் ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதி ஒப்பந்தத்தின் மூலம் இதைப் பின்பற்றுகின்றன.

இதில் 5ஆம் பிரிவுதான் பயணம் சம்பந்தப்பட்டது. சுருக்கமாகச் சொன்னால் மூன்று விஷயங்கள்.

ஒன்று: ஐரோப்பியர் அல்லாத குடும்ப உறுப்பினரிடம், 10ஆம் பிரிவின்படி கொடுக்கப்பட்ட குடியிருப்பு அட்டை இருந்தால் விசா வேண்டாம். ஐரோப்பியக் குடிமகனோடு சேர்ந்து போகும்போது, அல்லது ஏற்கெனவே அங்கே போயிருக்கும் அவரிடம் போய்ச் சேரும்போது.

இரண்டு: அந்த அட்டை இல்லை, விசா தேவை என்றால், அதை இலவசமாகவும் சீக்கிரமாகவும் கொடுக்க வேண்டும். எல்லா வசதியும் செய்து தர வேண்டும்.

மூன்று: அட்டையும் இல்லை, விசாவும் இல்லை, ஆனால் எல்லைக்கு வந்து நிற்கிறார். அப்போதும் உடனே திருப்பி அனுப்பக் கூடாது. தேவையான காகிதத்தை வரவழைக்கவோ, தான் குடும்ப உறுப்பினர்தான் என்று வேறு வழியில் நிரூபிக்கவோ நியாயமான வாய்ப்புத் தர வேண்டும்.

மூன்றாவது விஷயம் ஆச்சரியமாக இருக்கிறதா? இது 2002 ஜூலையில் ஐரோப்பிய நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பை ஒட்டியது. பெல்ஜியத்தில் இனவெறிக்கு எதிராகச் செயல்படும் எம்ராக்ஸ் என்ற அமைப்பு தொடுத்த வழக்கு அது. கணவன் மனைவி என்று நிரூபிக்க முடிந்தால், ஆளால் நாட்டுக்கு ஆபத்து எதுவும் இல்லை என்றால், விசா இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எல்லையில் திருப்பி அனுப்பக் கூடாது என்று நீதிமன்றம் சொன்னது.

விசா தேவைப்படுகிறவரிடமும் தூதரகம் கேட்க வேண்டியது மூன்றே மூன்று கேள்விகள்தான். ஐரோப்பியக் குடிமகன் ஒருவர் இருக்கிறாரா? விண்ணப்பிப்பவர் அவருடைய குடும்பமா? இருவரும் சேர்ந்து போகிறார்களா, அல்லது இவர் அவரிடம் போய்ச் சேர்கிறாரா? பேங்க் பேலன்ஸ், சம்பளச் சீட்டு, ஓட்டல் புக்கிங் எல்லாம் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஷெங்கன் விசாக் கட்டணம் 2024 ஜூன் முதல் 90 யூரோ. இவர்களுக்குப் பூஜ்யம். விண்ணப்பம் வாங்கும் தனியார் சென்டர்களுக்குப் போய் சர்வீஸ் சார்ஜ் கட்ட வேண்டிய கட்டாயமும் இல்லை. நேராகத் தூதரகத்திலேயே கொடுக்கலாம். (எத்தனை பேருக்கு இது தெரியும் என்பது வேறு விஷயம்!)

சுரிந்தர் சிங் என்ற பெயர்

இந்தச் சட்டத்தின் வரலாற்றில் ஒரு இந்தியர் பெயர் நிலைத்துவிட்டது. சுரிந்தர் சிங். 1982ல் பிரிட்டிஷ் குடிமகளைத் திருமணம் செய்தவர். 1983லிருந்து 1985 வரை இருவரும் ஜெர்மனியில் வேலை பார்த்தார்கள். பிறகு சொந்தமாகத் தொழில் தொடங்க பிரிட்டன் திரும்பினார்கள். திருமணம் முறியும் நிலைக்கு வந்ததும், பிரிட்டிஷ் அரசு அவருடைய அனுமதியைக் குறைத்து வெளியேற்றப் பார்த்தது. வழக்கு லக்ஸம்பர்க்கில் உள்ள ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது.

1992 ஜூலை 7 அன்று வந்த தீர்ப்பின் தர்க்கம் எளிமையானது. ஒரு பிரிட்டிஷ் பெண் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனால் கணவரையும் கூட்டிப்போக உரிமை உண்டு. ஆனால் ஊர் திரும்பும்போது அந்தக் கணவரை உள்ளே விடமாட்டோம் என்றால், அவள் முதலில் ஜெர்மனிக்கே போகத் தயங்குவாள். அப்படித் தயங்க வைப்பது அவளுடைய சுதந்திரத்தைத் தடுப்பதுதான். ஆகவே திரும்பி வரும்போதும், இன்னொரு உறுப்பு நாட்டில் கிடைத்திருக்கக் கூடிய அளவுக்காவது உரிமை கொடுத்தே ஆக வேண்டும்.

கவனித்தீர்களா? கணவருக்குக் கிடைத்த உரிமை கணவருடையதே இல்லை. மனைவியின் பயண சுதந்திரம் என்ற மரத்தின் நிழல் அது. மரம் நகர்ந்தால் நிழலும் நகரும்.

இந்தத் தீர்ப்பு பிரிட்டனில் ஒரு வழக்கச் சொல்லாகவே ஆகிவிட்டது. 2012 ஜூலையில் பிரிட்டன், வெளிநாட்டு மனைவியையோ கணவரையோ கூட்டிவர வேண்டுமானால் வருடம் 18,600 பவுண்டு வருமானம் காட்ட வேண்டும் என்று விதி போட்டது. அவ்வளவு சம்பாதிக்காத பிரிட்டிஷ்காரர்கள் பலர் என்ன செய்தார்கள்? ஜோடியாக அயர்லாந்து போன்ற நாட்டுக்குப் போய்ச் சில மாதங்கள் உண்மையாகவே வேலை செய்து வாழ்ந்துவிட்டு ஊர் திரும்பினார்கள். அதற்குப் பெயரே 'சுரிந்தர் சிங் ரூட்'. 2020 ஜனவரியில் பிரிட்டன் ஒன்றியத்தை விட்டு வெளியேறிய பிறகு அந்தப் பாதை மூடப்பட்டது. (அந்த வருமான வரம்பு 2024 ஏப்ரலில் 29,000 பவுண்டு ஆனது.)

2008 ஜூலையில் இன்னொரு முக்கியமான தீர்ப்பு வந்தது. மெடோக் வழக்கு. "ஐரோப்பியரை மணந்தால் மட்டும் போதாது, அதற்கு முன்பே இன்னொரு உறுப்பு நாட்டில் சட்டப்படி வாழ்ந்திருக்க வேண்டும்" என்று அயர்லாந்து ஒரு நிபந்தனை வைத்திருந்தது. அது செல்லாது என்றது நீதிமன்றம். கல்யாணம் எப்போது நடந்தது, எந்த ஊரில் நடந்தது, அந்த ஆள் எப்படி நாட்டுக்குள் வந்தார் என்பதெல்லாம் முக்கியமில்லை. கணவன் மனைவி என்றால் கணவன் மனைவிதான்.

மர்பெல்லாவிலிருந்து மாட்ரிட் வரை

சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தும் நடைமுறையில் என்ன ஆனது என்பதற்கு மெக்கார்த்தி வழக்கு நல்ல உதாரணம்.

கணவர் பிரிட்டிஷ், ஐரிஷ் இரண்டு குடியுரிமையும் கொண்டவர். மனைவி கொலம்பியா நாட்டவர். 2010லிருந்து ஸ்பெயினின் தென்கோடியில் மர்பெல்லாவில் குடும்பத்தோடு வசித்தார்கள். மனைவியிடம் ஸ்பெயின் கொடுத்த 10ஆம் பிரிவுக் குடியிருப்பு அட்டை இருந்தது. பிரிட்டனில் அவர்களுக்கு ஒரு வீடும் இருந்ததால் அடிக்கடி போய்வருவார்கள். அப்போது பிரிட்டன் ஒன்றியத்தில் இருந்தது. சட்டப்படி அந்த அட்டையே போதும்.

பிரிட்டன் போதாது என்றது. 'ஃபேமிலி பெர்மிட்' என்று தனியாக ஒன்று வாங்க வேண்டும் என்றது. அது ஆறு மாதம்தான் செல்லும். அதை வாங்க மர்பெல்லாவிலிருந்து மாட்ரிட்டில் உள்ள பிரிட்டிஷ் தூதரகத்துக்கு நேரில் போக வேண்டும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தூரம். வேலை என்ன, வருமானம் என்ன என்று படிவத்தில் எழுத வேண்டும். ஆறு மாதம் கழித்து மறுபடியும் அதே பயணம், அதே படிவம். பெயர் விசா இல்லை, ஆனால் விசாவின் எல்லாத் தொல்லையும் உண்டு!

பெர்மிட் இல்லாமல் அட்டையை மட்டும் காட்டினால்? சில முறை விமான நிறுவனங்கள் அவரை ஏற்றவே மறுத்தன என்று தீர்ப்பிலேயே பதிவாகியிருக்கிறது. குழந்தைகளோடும் பெட்டிகளோடும் ஒரு குடும்பம் கவுன்ட்டர் முன்னால் நிற்கிறது. கணவர் போகலாம், குழந்தைகள் போகலாம், அம்மா மட்டும் போகக் கூடாது என்றால் அந்தக் குடும்பம் என்ன செய்யும்? ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள்.

2014 டிசம்பர் 18 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் மெக்கார்த்தி தம்பதிக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. "போலிக் கல்யாணங்களும் போலி அட்டைகளும் நிறைய நடக்கின்றன, அதைத் தடுக்கவே பெர்மிட்" என்பது பிரிட்டனின் வாதம். மோசடி என்று சந்தேகம் இருந்தால் அந்தக் குறிப்பிட்ட ஆளை விசாரியுங்கள், எல்லோரையும் முன்கூட்டியே சந்தேகப்பட்டு உரிமையை நிறுத்தி வைக்கக் கூடாது என்பது நீதிமன்றத்தின் பதில். இன்னொன்றையும் சொன்னது. குடும்பம் வேறு நாட்டில் வாழ்ந்து, அங்கே அட்டை வாங்கியிருந்தால், அந்த ஐரோப்பியரின் சொந்த நாட்டுக்குள் போகும்போதும் மனைவிக்கு விசா விலக்கு உண்டு.

கவுன்ட்டர் கணக்கு

இப்போது நம்ம சப்ஜெக்டுக்கு வருவோம். விமான நிறுவனம் ஏன் ஏற்ற மறுக்கிறது? கவுன்ட்டரில் இருப்பவர் கெட்டவரா? இல்லை. அவர் முன்னால் ஒரு கணக்கு இருக்கிறது.

2001ஆம் வருடத்து 2001/51 என்ற டைரக்டிவ் ஒன்று உண்டு. ஷெங்கன் பகுதிக்கு வெளியிலிருந்து சரியான ஆவணம் இல்லாத ஒருவரை ஏற்றி வந்தால் விமான நிறுவனத்துக்கு அபராதம். எவ்வளவு என்பதை நாடுகள் முடிவு செய்யலாம். ஆனால் ஆளுக்கு அதிகபட்ச அபராதம் 5,000 யூரோவுக்குக் குறையக் கூடாது, அல்லது குறைந்தபட்ச அபராதம் 3,000 யூரோவுக்குக் குறையக் கூடாது என்பதுதான் அதில் உள்ள முக்கியமான அளவுகோல். கூடவே, அந்தப் பயணியைத் திரும்பக் கொண்டுபோய் விடும் பொறுப்பும் நிறுவனத்துக்கே.

டிக்கெட் விலை 40 யூரோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் லாபம் எவ்வளவு வரும்? சில யூரோக்கள். தவறுதலாக ஏற்றிவிட்டால் நஷ்டம் 3,000 யூரோ. அப்படியானால் தவறுதலாக ஏற்ற மறுத்துவிட்டால்?

பயணிகள் உரிமைக்கு 261/2004 என்று ஒரு விதி இருக்கிறது. 1,500 கிலோமீட்டர் வரையுள்ள பயணத்தில் நியாயமில்லாமல் ஏற்ற மறுத்தால் 250 யூரோ நஷ்டஈடு. ஆனால் அதிலேயே ஒரு விலக்கு உண்டு. 'பயண ஆவணம் போதவில்லை' என்பது போன்ற நியாயமான காரணம் இருந்தால் நஷ்டஈடு கிடையாது. போதும் என்று பயணி சொல்வார், போதாது என்று நிறுவனம் சொல்லும். பயணி விடாமல் வழக்குப் போட்டால்தான் அந்த 250 கூட.

ஒரு பக்கம் 3,000. இன்னொரு பக்கம் 250, அதுவும் வந்தால். கவுன்ட்டரில் இருக்கும் பெண்ணுக்குக் கிடைப்பது இரண்டு மூன்று நிமிடம். பின்னால் நீளமான வரிசை. கையில் இருப்பது அவர் இதுவரை பார்த்தே இராத ஏதோ ஒரு நாட்டின் அட்டை, ஏதோ ஒரு மொழியில். 'சந்தேகம் இருந்தால் ஏற்றாதே' என்பதுதான் அந்தக் கணக்கிலிருந்து வரும் விடை. யாரும் உத்தரவு போட வேண்டியதே இல்லை. எண்களே உத்தரவு போட்டுவிடுகின்றன.

எல்லையில் உள்ள போலீஸ் அதிகாரிக்கு, வாய்ப்புத் தராமல் திருப்பி அனுப்பாதே என்று சட்டம் கட்டளையிட்டிருக்கிறது அல்லவா? அந்த அதிகாரி இருப்பது விமானம் இறங்கும் ஊரில். ஏற்றவே இல்லை என்றால் அவர் முன்னால் போய் நிற்பது எப்படி? எல்லை இருப்பது பாரிஸில், ஆனால் கதவு சாத்தப்படுவது டப்ளினில். சாத்துபவர் அரசாங்க ஆளே இல்லை, மாதச் சம்பளம் வாங்கும் ஒரு தனியார் ஊழியர்!

கணக்கு மாறிய இரண்டு தீர்ப்புகள்

2020ல் இரண்டு தீர்ப்புகள் இந்தக் கணக்கின் இரண்டு பக்கத்தையும் தொட்டன.

முதலாவது, 2020 ஏப்ரல் 30, ப்ளூ ஏர் வழக்கு. சைப்ரஸில் வசித்த கஜகஸ்தான் நாட்டவர் ஒருவரை லார்னகாவிலிருந்து புகாரெஸ்ட் போகும் விமானத்தில் ஏற்ற மறுத்தார்கள். இது குடும்ப உறுப்பினர் வழக்கு அல்ல. ஆனால் பாடம் எல்லோருக்கும் பொதுவானது. ஆவணம் போதவில்லை என்று நிறுவனம் சொல்லிவிட்டதாலேயே பயணியின் நஷ்டஈட்டு உரிமை போய்விடாது. தகராறு என்று வந்தால் போதுமா போதாதா என்பதை நீதிமன்றம்தான் முடிவு செய்யும். நிறுவனம் தன் வழக்குக்குத் தானே நீதிபதியாக இருக்க முடியாது.

இரண்டாவது, 2020 ஜூன் 18, ரயன்ஏர் வழக்கு. இது இன்னும் சுவாரஸ்யமானது. 2017 அக்டோபரில் லண்டனிலிருந்து புடாபெஸ்ட் வந்த விமானத்தில் உக்ரைன் நாட்டவர் ஒருவர் இருந்தார். ஐரோப்பியக் குடிமகன் ஒருவரின் குடும்ப உறுப்பினர் என்ற முறையில் பிரிட்டன் அவருக்கு நிரந்தரக் குடியிருப்பு அட்டை கொடுத்திருந்தது. விசா இல்லை. ஹங்கேரி போலீஸ் அவரை உள்ளே விடவில்லை. ஏற்றி வந்ததற்காக விமான நிறுவனத்துக்கு 3,000 யூரோ மதிப்புக்கு அபராதமும் போட்டது. அவர்கள் காரணம் என்ன தெரியுமா? சட்டத்தில் 10ஆம் பிரிவு அட்டைக்குத்தான் விசா விலக்கு என்று எழுதியிருக்கிறது, இவரிடம் இருப்பது 20ஆம் பிரிவின்படி ஐந்து வருடம் வாழ்ந்த பிறகு கிடைக்கும் நிரந்தர அட்டை, அதற்கு விலக்கு என்று எங்கே எழுதியிருக்கிறது?

அதாவது சின்ன அட்டைக்கு உள்ள உரிமை பெரிய அட்டைக்குக் கிடையாதாம்! ப்ளஸ் டூ பாஸ் செய்தவருக்கு நுழைவு உண்டு, டிகிரி முடித்தவருக்கு இல்லை என்பது போல.

விமான நிறுவனம் வழக்குப் போட்டு ஜெயித்தது. நிரந்தர அட்டைக்கும் விசா விலக்கு உண்டு, ஷெங்கனுக்கு வெளியே உள்ள உறுப்பு நாடு கொடுத்திருந்தாலும் உண்டு என்றது நீதிமன்றம். எல்லாவற்றையும் விட முக்கியமானது, அந்த அட்டையே குடும்ப உறவுக்கு அத்தாட்சி, விமான நிறுவனம் அதற்கு மேல் எதையும் தோண்டிப் பார்க்க வேண்டியதில்லை என்று சொன்னது. இந்த ஒரு வரிதான் கவுன்ட்டர் கணக்கை மாற்றுகிறது. அட்டையைப் பார்த்து ஏற்றினால் 3,000 யூரோ பயம் இல்லை என்று ஆகிவிட்டால், மறுப்பதில் என்ன லாபம்?

அட்டையின் தோற்றத்திலும் மாற்றம் வந்தது. முன்பு ஒவ்வொரு நாடும் ஒவ்வொரு விதமாக அச்சடித்தது. 2019ல் வந்த விதியின்படி 2021 ஆகஸ்டிலிருந்து எல்லா நாடுகளும் ஒரே மாதிரி பிளாஸ்டிக் அட்டை கொடுக்க வேண்டும். எந்தப் பிரிவின்படி கொடுத்தது, 10ஆ 20ஆ என்பதும் அதிலேயே அச்சாகியிருக்கும். கவுன்ட்டரில் இருப்பவருக்குச் சட்டம் தெரிய வேண்டாம், அட்டையைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

மறுபக்கம்

விமான நிறுவனங்களையும் அரசுகளையும் மட்டும் குறை சொல்வது நியாயமாகாது. காசுக்காக நடக்கும் போலிக் கல்யாணங்கள் உண்மை. போலி ஆவணங்களும் உண்மை. அதற்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. 35ஆம் பிரிவின்படி மோசடி என்று நிரூபித்தால் உரிமையைப் பறிக்கலாம். 27ஆம் பிரிவின்படி பொதுப் பாதுகாப்புக்கு ஆபத்தானவரைத் தடுக்கலாம். கேள்வி, சோதிக்கலாமா கூடாதா என்பது அல்ல. சோதனையின் செலவை யார் தலையில் கட்டுவது என்பதுதான். சோதிக்கும் வேலையை அரசு விமான நிறுவனத்திடம் தள்ளுகிறது. நிறுவனம் அதன் செலவைப் பயணியிடம் தள்ளுகிறது. கடைசியில் மொத்தச் செலவும் வந்து விழுவது, ஒரு தவறும் செய்யாமல் அட்டையோடு நிற்கும் அந்த மனைவி தலையில்.

தமிழர்களுக்கு இதில் என்ன?

நிறைய இருக்கிறது. பாண்டிச்சேரியில் இன்றும் பிரெஞ்சுக் குடியுரிமை கொண்ட தமிழர்கள் வாழ்கிறார்கள். 1962 ஆகஸ்ட் 16 அன்று பிரெஞ்சுப் பகுதிகள் சட்டப்படி இந்தியாவோடு இணைந்தபோது, பிரெஞ்சுக் குடியுரிமையை வைத்துக்கொள்ள ஆறு மாத அவகாசம் கொடுத்தார்கள். அப்படி வைத்துக்கொண்ட குடும்பங்களின் வாரிசுகள் இவர்கள். அதில் ஒருவர் இந்தியக் குடியுரிமை உள்ள பெண்ணை மணந்து இங்கேயே வாழ்கிறார் என்று வையுங்கள். இருவரும் சேர்ந்து ஸ்பெயினோ இத்தாலியோ போக விரும்பினால் அந்த 2004 டைரக்டிவ் பேசும். விசா வேண்டும், ஆனால் இலவசம், மூன்றே கேள்விகள். அதே ஜோடி நேராகப் பிரான்ஸ் போக வேண்டுமானால் அது அவருடைய சொந்த நாடு. அங்கே பிரான்சின் உள்நாட்டுச் சட்டம்தான் பேசும். டப்ளின் தெருவில் பார்த்த அதே புதிர்!

ஈழத்திலிருந்து போய் பிரான்ஸ், ஜெர்மனி, நெதர்லாந்து, டென்மார்க் நாடுகளில் குடியுரிமை பெற்ற தமிழர்களுக்கும் இது வீட்டு விஷயம். அவர்களில் பலர் ஒரு காலத்தில் இதே சுதந்திரத்தைப் பயன்படுத்தித்தான் குடும்பத்தோடு லண்டன் போய்ச் சேர்ந்தார்கள். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு அந்தக் கதவு புதியவர்களுக்கு இல்லை.

இன்னொரு வித்தியாசம், 'குடும்பம்' என்ற சொல்லிலேயே இருக்கிறது. இந்தச் சட்டப்படி குடும்பம் என்றால் கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட அல்லது சார்ந்து வாழும் பிள்ளைகள், சார்ந்து வாழும் பெற்றோர். பதிவு செய்த துணைவருக்கும் சில நாடுகளில் இடமுண்டு. கூடப்பிறந்த தங்கைக்கு அந்தப் பட்டியலில் நேரடி இடமில்லை. சித்தப்பாவுக்கும் இல்லை. ஒரே வீட்டில் வாழ்ந்தவர், சார்ந்து வாழ்பவர் என்று காட்டினால் 'வசதி செய்து தர முயல வேண்டும்' என்பதோடு சட்டம் நிறுத்திக்கொள்கிறது. அம்மா வரலாம், அம்மாவைப் பார்த்துக்கொள்ளும் அத்தை வர முடியாது.

கையில் இருக்க வேண்டியவை

இப்படிப் பயணம் செய்கிறவர்கள் யாராவது உங்கள் சொந்தத்தில் இருக்கலாம். அவர்களுக்கு:

அட்டையில் 10ஆம் பிரிவா 20ஆம் பிரிவா என்று முதலில் பாருங்கள். சாதாரணக் குடியிருப்பு அனுமதி வேறு, இது வேறு. ஷெங்கன் நாடு ஒன்று கொடுத்த சாதாரண அனுமதி இருந்தால் மற்ற ஷெங்கன் நாடுகளுக்கு 180 நாளில் 90 நாள் வரை போய்வரலாம். ஆனால் அதைக் காட்டி அயர்லாந்துக்குள் போக முடியாது.

ஐரோப்பியக் குடிமகனோடு சேர்ந்து போங்கள். தனியாகப் போனால், அவர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார் என்பதற்கு ஆதாரம் கையில் இருக்கட்டும்.

கல்யாணச் சான்றிதழும் அதன் மொழிபெயர்ப்பும் பெட்டியில் அல்ல, கைப்பையில். 5ஆம் பிரிவின் ஒரு பக்கப் பிரிண்ட்டும் கூட.

ஏற்ற மறுத்தால், காரணத்தை எழுத்தில் கேளுங்கள். 2020க்குப் பிறகு அந்தக் காகிதத்துக்கு மதிப்பு இருக்கிறது.

உறுப்பு நாட்டு அரசு அலுவலகம் சட்டத்தை மீறினால் சால்விட் என்ற ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவி அமைப்பிடம் முறையிடலாம். 2002லிருந்து இயங்குகிறது. கட்டணம் கிடையாது.

நிழல் என்று சொன்னதையும் மறக்க வேண்டாம். திருமணம் முறிந்தால், அது மூன்று வருடமாவது நீடித்து, அதில் ஒரு வருடமாவது அந்த நாட்டில் கழிந்திருந்தால், அங்கே தொடர்ந்து வாழும் உரிமையை 13ஆம் பிரிவு காப்பாற்றுகிறது. அதற்கு முன்பே முறிந்தால், குழந்தையின் பொறுப்பு, குடும்ப வன்முறை போன்ற சில சூழ்நிலைகளில் மட்டுமே. எனவே அட்டை கைக்கு வந்த நாளிலிருந்தே வாடகை ரசீது, சம்பளச் சீட்டு, இருவர் பெயரிலும் வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் போட்டு வைப்பது நல்லது. விசா வேண்டாம் என்றாலும் ஃபைல் மட்டும் விடாது போலிருக்கிறது!